ஒரே சம்பளம்தானே

செண்பகவல்லி கம்பெனி பஸ்ஸில் ஏறி, வழக்கமான ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, டிபன் பையை மடியில் வைத்துக்கொண்ட பிறகும் ஜெபராஜ் பேசிக்கொண்டேயிருந்தான். அவன் பஸ்ஸில் இல்லை. தன் காரில் எப்போதோ கிளம்பிப் போயிருப்பான். மத்தியானம் கேன்டீனில் தயிர்சாதத்துக்கு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே அவன் சொன்ன வாக்கியம்தான் காதை விட்டு இறங்க மாட்டேன் என்றது. "மாசம் பொறந்தா நாப்பதாயிரம் வரியாவே போயிருது செண்பகம். உனக்கும் அம்புட்டுத்தான புடிக்காங்க?" அவள், "ஆமா, என்ன செய்ய," என்று சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று பஸ் நகர்வதற்குள் பலமுறை கேட்டுக்கொண்டாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை என்பது மட்டுமில்லை; அந்த நிமிஷத்தில் அது பொய் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. ஒரே கல்லூரி, ஒரே மெக்கானிக்கல், ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், இன்றைக்கு இரண்டு பேரும் மேனேஜர், ஒரே மாடியில் எதிரெதிர் அறை. அவனுக்குப் பிடிப்பதுதானே தனக்கும் பிடிக்க வேண்டும்? கை கழுவப் போய்க் குழாயடியில் நின்றபோதுதான் அந்தத் தொகை உள்ளே இறங்கியது. அவன் வரியாகக் கட்டுவது, அவள் வீட்டுக்குக் கொண்டுபோகும் சம்பளத்தில் பாதி. அப்படியானால் அவன் வாங்குவது... மனக்கணக்குப் போட வேண்டாம் என்று நினைத்தாள். போட்டுவிட்டாள். எங்காவது தப்பு இருக்கட்டும் என்று மறுபடியும் போட்டாள். அவன் பெருமைக்குச் சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மனசுக்குள் நாலு திட்டுத் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். அவனோ அலுத்துப்போய்ச் சொன்னான், ஒரே வியாதிக்காரர்கள் ஆஸ்பத்திரி பெஞ்சில் பேசிக்கொள்வதுபோல. அவளுக்கும் தனக்கும் ஒன்றுதான் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வருடமாக அவளும் நம்பியதைத்தான் அவன் நம்பினான்.

பஸ் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றது. லாரிகள், கன்டெய்னர்கள், அவற்றுக்கு நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழையும் ஷேர் ஆட்டோக்கள். மகள் ஆதிரை எந்த நேரமும் கூப்பிடுவாள். இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலை இன்றைக்கே இணையத்தில் போட்டு முடித்துவிட வேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். நாளைக்குச் சாயங்காலம்வரை நேரம் இருக்கிறது, ஆனால் நாளைக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் உட்காருவார்கள், சைட் நின்றுபோகும் என்று அவளுக்குப் பயம். எந்தெந்தக் கல்லூரிகள் என்பதில் குழப்பமில்லை. எந்தப் படிப்பு என்பதில்தான் ஒரு மாதமாக வீடு இரண்டாகக் கிடந்தது. ஆதிரைக்கு மெக்கானிக்கல். அவள் அப்பா, தனியார் ஆபீஸில் கணக்கு பார்க்கும் ராஜாமணிக்கு, பி.எஸ்ஸி. கணிதம், அதன்மேல் பி.எட்., அப்புறம் அரசுப் பள்ளி. "பொம்பளப் புள்ளைக்கு டீச்சர் வேல மாதிரி வருமா?" என்று அவர் ஆரம்பித்தபோது செண்பகவல்லிதான் பாய்ந்தாள். பொம்பளைக்கு ஏன் சம்பளம் குறைச்சல்? ஆம்பளை எடுக்கிற படிப்பை அவள் எடுப்பதில்லை. எடுக்க விடுவதில்லை. அவளை மனையியலுக்கும் இலக்கியத்துக்கும் அனுப்பிவிட்டு, பிறகு, பார், இவள் சம்பாதிப்பது இவ்வளவுதான் என்பீர்கள். குரூப்பை மாற்றினால் சம்பளம் மாறும். இதையெல்லாம் அவள் சாப்பாட்டு மேஜையில் கையை நீட்டி நீட்டிப் பேசினாள். கடைசியில், வெட்டு ஒன்று துண்டு இரண்டாக, "என்னைப் பாருங்க. ஜெபாவும் நானும் ஒரே வகுப்பு. இன்னைக்கும் ஒரே சம்பளம்," என்றாள். அதற்கு மேல் அவர் பேசவில்லை. ஆதிரை மட்டும் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே எதையும் செய்யலாம்போல இருந்தது அன்றைக்கு. ஒரே சம்பளம். எதை வைத்துச் சொன்னாள்? யாரிடமாவது கேட்டாளா? கேட்கவில்லை. கம்பெனியில் சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள், அவள் பேசவில்லை. முதல் மாதச் சம்பளம் ஒன்றாக இருந்தது, அது மட்டும் தெரியும். அன்றைக்கு அவளும் ஜெபராஜும் இன்னும் நாலு பேரும் தாம்பரத்தில் பரோட்டா சாப்பிடப் போனார்கள், எல்லோரும் ஒரே தொகையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு கணக்கை மூடிவிட்டாள் போலிருக்கிறது. அதற்குப் பிறகு திறந்தே பார்க்கவில்லை.

எந்த இடத்தில் பிரிந்தது? அவளுடைய வேலையே அதுதான். ஒரு பாகம் அளவு தவறி வந்தால் எந்த மெஷினில், எந்த ஷிஃப்டில், எந்தத் தேய்மானத்தில் தவறியது என்று பின்னாலேயே போய்ப் பிடித்துவிடுவாள். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு விலகினாலும் அந்த விலகலுக்கு ஒரு காரணம் உண்டு என்பாள். இதற்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். ஆதிரை பிறந்தபோதா? பதினொரு மாதம் வீட்டில் இருந்தாள். பிள்ளைக்கு மஞ்சள்காமாலை, பிறகு அவளுக்கு முதுகுவலி, பிறகு பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. திரும்பி வந்த முதல் நாளே அப்போதைய மேலாளர் ஸ்ரீவத்சன் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, "கைக்குழந்தையை வச்சுக்கிட்டு மெஷின் ஷாப்புல நைட் ஷிஃப்ட் எல்லாம் உனக்கு எதுக்கும்மா? குவாலிட்டி டிபார்ட்மென்ட்ல போட்டிருக்கேன். ஏசி ரூம், பகல் வேலை. அஞ்சு மணிக்கு பஸ் ஏறிடலாம்," என்றார். அவள் "தேங்க்ஸ் சார்" என்றாள். அன்று சாயங்காலம் ராஜாமணியிடம் சொல்லும்போது கண்ணில் தண்ணீர்கூட வந்தது, எவ்வளவு பெரிய மனசு என்று. தேங்க்ஸ் சார். ஷாப்பில் இருப்பவனுக்குத்தான் உற்பத்தி ஊக்கத்தொகை, அவனுக்குத்தான் புது லைன் போடும்போது பெயர், அவனைத்தான் ஜப்பானுக்கு அனுப்புவார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்திருக்கும். தெரிந்தும் நல்லதையே நினைத்திருப்பார். ஜெபராஜுக்கு அதே வருடம் மகன் பிறந்தான். அவனைக் கூப்பிட்டு, குடும்பஸ்தன் ஆயிட்டே, பொறுப்பு கூடிப்போச்சு என்று மெஷின் ஷாப் முழுவதையும் அவன் கையில் கொடுத்தார்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். பிள்ளை பிறந்ததால் அவனுக்கு ஏறியது, பிள்ளை பிறந்ததால் அவளுக்கு... இல்லை, குறையவில்லையே. அவளுக்கும் வருடாவருடம் ஏறியதே. ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதனால்தான் தெரியவில்லை. குறைந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

அப்புறம் புனே. ஒரு வருடம் புனேயில் புதுப் பிரிவைப் பார்த்துக்கொள்ளப் போகிறாயா என்று கேட்டார்கள். ஆதிரை அப்போது ஒன்றாம் வகுப்பு. அவள் மாட்டேன் என்றாள். ஜெபராஜ் போனான், அவன் மனைவி பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். சரி, இது அவளே எடுத்த முடிவு, இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவளே எடுத்ததா? ராஜாமணி, "உன் இஷ்டம் செண்பகம்," என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு கூட என்றோ குறைச்சல் என்றோ ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார் ஊரிலிருந்து போன் பண்ணி, புள்ளைக்குக் காய்ச்சலாமே என்றார். காய்ச்சல் இல்லை. ஆனால் அந்த வாரமே காய்ச்சல் வந்தது. யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் உடைத்துக்கொண்டு போயிருப்பாள், அவள் அப்படிப்பட்டவள்தான், பதினேழு வயதில் அப்பாவோடு மூன்று நாள் சாப்பிடாமல் மல்லுக்கட்டி மெக்கானிக்கல் வாங்கியவள். முன்னால் ஒரு ஆள் நின்று மறித்தால் அவளுக்குச் சண்டை போடத் தெரியும். யாரும் நிற்காத இடத்தில் எப்படிச் சண்டை போடுவது?

பஸ் இன்னும் படப்பையைத் தாண்டவில்லை. பக்கத்து இருக்கையில் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த டிரெய்னி பெண் தூங்கிக்கொண்டிருந்தாள், அடையாள அட்டைக் கயிறு கழுத்தில் முறுக்கிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து. தலை சாய்ந்து செண்பகவல்லியின் தோளில் பட்டது. அவளும் மெக்கானிக்கல்தான். சேர்ந்த அன்று அறைக்கு வந்து, "உங்களைப் பார்த்துதான் மேம் எங்க வீட்டுல விட்டாங்க, பெரிய போஸ்ட்ல ஒரு லேடி இருக்காங்கன்னு சொன்னேன்," என்றாள். அதைக் கேட்டுவிட்டு அன்று முழுவதும் காற்றில் நடந்தாள் செண்பகவல்லி. இப்போது அந்தத் தலையின் கனம் தோளில் ஏறிக்கொண்டே போனது. எழுப்பி, உன்னோடு சேர்ந்த பையனுக்கு எவ்வளவு என்று உனக்குத் தெரியுமா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. இப்போது ஒன்றாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் முதலில் ஒன்றாகத்தான் இருக்கும். தூங்கட்டும்.

அக்கா கோமதி இப்படித்தான் வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள், கணக்குப் புத்தகத்தின்மேலேயே. கோவில்பட்டி வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே விளக்கு. செண்பகவல்லிக்குத் தொகை நுண்கணிதம் ஏறவேயில்லை. அக்காதான் இரண்டே நாளில் ஏற்றினாள், அதுவும் எரிச்சலே படாமல். கணக்கில் அக்காதான் பெரிய ஆள். தபால் ஆபீஸில் கிளார்க்காக இருந்த அப்பா, மூத்தவளுக்கு மனையியல் போட்டார். "கல்யாணத்துக்கு அப்புறமும் பிரயோஜனப்படும்லா?" என்றார். அக்கா சரி என்றாள். மூன்று வருடம் கழித்துத் தங்கை சண்டை போட்டு வேறு பாதையில் போனதை அக்கா வாசலில் நின்று பார்த்தாள். கையில் முறுக்குச் சம்படத்தைக் கொடுத்தாள். இப்போது ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். அரசு வேலைக்குத் தேர்வு எழுதி, பாஸாகி, கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று இருந்து வயது போய்விட்டது. சம்பளம் வெளியே சொல்கிற மாதிரி இல்லை. ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா அலுத்துக்கொண்டாள், எம்புட்டுப் படிச்சும் கையில ஒண்ணும் நிக்கலட்டி என்று. செண்பகவல்லி பரிவாகத்தான் சொன்னாள், சத்தியமாகப் பரிவாகத்தான்: "நீ எடுத்த குரூப் அப்படிக்கா." அக்கா வெற்றிலையை மென்றுகொண்டே, "நானாட்டி எடுத்தேன்?" என்றாள். அவ்வளவுதான். கோபமாகக்கூட இல்லை. அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு அதை, பாவம் அக்கா, என்று எடுத்துக்கொண்டாள் செண்பகவல்லி. தான் எடுத்தவள், அக்கா எடுக்காதவள். தான் தப்பித்தவள், அக்கா மாட்டிக்கொண்டவள். அக்காவுக்கு மேலே ஒரு படி ஏறி நின்றுகொண்டு பார்த்த பார்வை அது. இப்போது தெரிகிறது, அந்தப் படி சின்னது. அக்காவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். தன்னை உள்ளே விட்டு, நடு ஹாலில் ஒரு நல்ல நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். தேங்க்ஸ் சார். எழுந்து உள்ளறைக்குப் போகலாம் என்று தோன்றவேயில்லை, நாற்காலி அவ்வளவு வசதியாக இருந்தது.

அப்படியானால் ராஜாமணி சொன்னதுதான் சரியா? ஒரு நாள் சண்டைக்கு நடுவில் அவர் தணிந்த குரலில் ஒன்று சொன்னார்: "கவர்மெண்ட்ல ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே ஸ்கேல் செண்பகம். வாத்தியாருக்கு என்னமோ அதுதான் டீச்சருக்கும்." அவள் சிரித்தாள். முகத்துக்கு நேரே சிரித்தாள். பயந்தவன் பேச்சு என்றாள். இப்போது வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னால் அவர் ஜெயிப்பார். ஆதிரையின் மெக்கானிக்கல் போய், கணிதம் வரும். கணிதம் ஒன்றும் கெட்ட படிப்பில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நாலு வயதிலிருந்தே இரும்பு பிடிக்கும். மிக்ஸியைக் கழற்றி மாட்டுவாள், கழற்றிய திருகுகளை அளவு வாரியாக அடுக்கிவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். போன கோடையில் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடாதபோது இவள்தான் காதை வைத்துக் கேட்டு பேரிங் போயிருக்கு என்றாள். வந்து பார்த்த மெக்கானிக்கும் அதையே சொன்னான். உண்மையைச் சொல்வது அவளிடமிருந்து அதைப் பிடுங்குவது. சொல்லாமல் விடுவது, தெரிந்தே அவளை அந்த நாற்காலிக்கு அனுப்புவது. இரண்டில் எது பரவாயில்லை? எது பரவாயில்லை என்று நினைத்து நினைத்து மறுபடியும் அந்த நாப்பதாயிரத்திலேயே வந்து நின்றாள். ஒருவேளை ஜெபராஜ் வருட போனஸையும் சேர்த்துச் சொல்லியிருப்பானோ. ஒருவேளை அவனுக்கு வாடகை வருமானம் இருக்குமோ. அப்படியே இருந்தாலும் போதாது. போட்ட கணக்கு எந்தப் பக்கம் இழுத்தாலும் வழிக்கு வரவில்லை.

மண்ணிவாக்கத்தில் போன் அடித்தது. டிரெய்னி பெண் திடுக்கிட்டு விழித்து, "சாரி மேம்," என்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, எங்க இருக்க? ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அப்பாவும் இருக்காங்க."

"மண்ணிவாக்கம் வந்துட்டேன். சொல்லு."

"எல்லாம் போட்டாச்சு. முதல் ஏழும் மெக்கானிக்கல். அப்பா சரின்னுட்டாங்க, ஆனா கடைசியா ஒண்ணே ஒண்ணு உன்கிட்ட கேட்கச் சொல்றாங்க." ஆதிரையின் குரலில் சிரிப்பு ததும்பியது. ஜெயிக்கப்போகிறவளின் சிரிப்பு. "உனக்கும் ஜெபராஜ் மாமாவுக்கும் இப்பவும் ஒரே சம்பளம்தானே?"

வெளியே ஒரு தண்ணி லாரி பஸ்ஸை ஒட்டி உரசுகிற மாதிரி வந்து நின்றது. அதன் பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகித் தார்ரோட்டில் ஓடுவதை அவள் பார்த்தாள். பக்கத்தில் டிரெய்னி பெண் போனைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். ராஜாமணி மூச்சு விடுவதுகூடக் கேட்டது, அல்லது அப்படித் தோன்றியது. இல்லை என்று ஒரு சொல். அதைச் சொன்னால் அந்தச் சிரிப்பு எங்கே போய் விழும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஆமா," என்றாள். "ஒண்ணுதான்."

"பார்த்தீங்களாப்பா!" என்று கத்தினாள் ஆதிரை. போன் கட்டானது.

அப்புறம் தாம்பரம்வரை அவள் எதையும் நினைக்கவில்லை. நினைவு வந்து வந்து மோதி, கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனது.

பஸ் நிறுத்தத்தில் ராஜாமணி ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். வழக்கமாக அவள் நடந்துதான் போவாள். அவர் வருவது மழைக்கும் காய்ச்சலுக்கும் மட்டும். அவள் ஒன்றும் கேட்காமல் பின்னால் உட்கார்ந்தாள். முடிச்சூர் ரோட்டின் நெரிசலைத் தாண்டி, தெருவுக்குள் திரும்பி, வேகம் குறைந்த பிறகுதான் அவர் பேசினார், தலையைத் திருப்பாமல்.

"ஒண்ணு இல்லேன்னு எனக்குத் தெரியும்."

அவள் டிபன் பையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"அவன் போன வருஷம் வாங்குன வீட்டுக்கு எம்புட்டு லோன் கொடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? அதுவும் போக, எங்க ஆபீஸ்ல சம்பளம் போடுறதே நாந்தான. ஒரே சீட்டு, ஒரே வேல. மாசாமாசம் ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ரெண்டு விதமாத்தான் போடுதேன். மேல சொல்லுறத போடுதேன்."

"தெரிஞ்சுமா அவளைக் கேக்கச் சொன்னீங்க?"

ஸ்கூட்டர் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "நீ இல்லேன்னு சொல்லுவேன்னு நெனச்சேன். அத வச்சு அவ மனச மாத்திரலாம்னுதான் கேக்கச் சொன்னேன், நான் எதுக்குப் பொய் சொல்லணும். நீ ஆமான்ன ஒடனே அவ மொகத்தப் பாத்தேன். அப்பமே சொல்லிருக்கலாம். வாய் வரல." கொஞ்ச தூரம் போன பிறகு, "புள்ளைட்ட சொல்லிராத செண்பகம். சந்தோஷமா இருக்கா," என்றார். அவருடைய சட்டையின் முதுகு வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. இத்தனை வருடமாக மாதாமாதம் அந்த இரண்டு விதத்தையும் போட்டுவிட்டு வந்துதான் இவர் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஒரு நாளாவது, உன் இடத்திலும் கேட்டுப் பார் என்று சொல்லியிருக்கலாம். அவளும் கேட்டிருக்கலாம். அவர் பயந்தவர் என்று நினைத்திருந்தாள். பயந்தவர்தான். ஆனால் எதற்குப் பயந்தாரோ அது நிஜமாக இருந்தது.

ஆதிரை கதவைத் திறந்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ராஜாமணி பால் வாங்கி வருகிறேன் என்று வாசலோடு திரும்பிவிட்டார். சமையலறையில் அவள் தோசைக்கல்லை அடுப்பில் வைக்க, ஆதிரை மேடையில் ஏறி உட்கார்ந்து, கேள்விமேல் கேள்வி கேட்டாள். முதல் வருடம் ஒர்க்‌ஷாப்பில் என்ன செய்யச் சொல்வார்கள்? செண்பகவல்லி சொன்னாள். ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, அரத்தால் அராவி அராவி ஓரங்கள் சரியான செங்கோணமாக, மூலைமட்டத்தோடு ஒட்டி நிற்கும்படி கொண்டுவரச் சொல்வார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம்கூட வரக் கூடாது. அவளுக்கு அது வர பதினைந்து நாள் ஆனது. வந்த அன்று அந்தத் துண்டை ஹாஸ்டலுக்கு எடுத்துவந்து தலைமாட்டில் வைத்துப் படுத்தாள். சொல்லச் சொல்லக் கைகள் தாமாக அராவின. ஆதிரை வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாய் கோமதி அக்காவின் வாய். செண்பகவல்லி அடுப்பை அணைத்தாள்.

"ஆதிரை, மாமாவுக்கும் எனக்கும் ஒரே சம்பளம் இல்ல. அவன் வாங்குறதுல பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான் எனக்கு. இன்னைக்குத்தான் தெரியும். போன்ல பொய் சொல்லிட்டேன்."

ஆதிரை மேடையிலிருந்து இறங்கினாள். "மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஒண்ணுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்கான்."

"ஏன்னு கேட்டியா அங்க?"

"இல்ல."

"கேப்பியா?"

செண்பகவல்லிக்கு, கேட்பேன் என்றால் இன்னொரு பொய்யாகிவிடுமோ என்று இருந்தது. கேட்கப்போய், சிரித்துக்கொண்டே, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார்கள். "தெரியலடா," என்றாள். "முடிவ இன்னும் மாத்தலாம். நாளைக்குச் சாயங்காலம்வரைக்கும் நேரம் இருக்கு. அப்பா சொன்ன மாதிரி கணக்கு எடுத்து, கவர்மெண்ட்ல..."

"கோமதி பெரியம்மா காத்திருந்தாங்களே, அந்த மாதிரியா?"

அவள் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். ஆதிரை விரலால் மேடையில் சிந்தியிருந்த மாவைத் தொட்டுத் தொட்டு ஒரு வரிசையாக வைத்தாள், பிறகு முழுவதையும் துடைத்தாள். "மாத்த வேணாம். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு," என்றாள். சற்று முன்பு மேடைமேல் உட்கார்ந்து கேள்வி கேட்ட குரல் இல்லை அது. அந்தக் குரலை இனி எப்போது கேட்போம் என்று செண்பகவல்லிக்குத் தெரியவில்லை. வாசலில் ஸ்கூட்டர் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டதும் ஆதிரை கிட்டே வந்து, கிசுகிசுப்பாக, "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா. தெரிஞ்சா விடமாட்டாங்க," என்றாள்.

செண்பகவல்லி தலையை ஆட்டினாள்.

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ராஜாமணி பால் மட்டும் வாங்கவில்லை, கால் கிலோ மைசூர்பாகும் வாங்கி வந்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்து, முதல் துண்டை மகளின் தட்டில் வைத்து, "ஜெபராஜுக்கு போன் போட்டுச் சொல்லணும்லா," என்றார். "அவனும் இவ அம்மையும் ஒண்ணாப் படிச்ச படிப்பு. நாளைக்கு இவளும் அவுங்கள மாதிரியே சம்பாதிக்கப்போறா."

ஆதிரை சிரித்தாள். சரியான இடத்தில், சரியான அளவுக்குச் சிரித்தாள். பதினேழு வயதுக்கு அது ரொம்ப நன்றாக வந்தது.